ஷான்ஷியிலிருந்து மதுரைக்கு
(கடல் தாண்டிய வகுப்பறை – தொடர்)

1881இல் மூன்று ஊர்களில் நடந்ததைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபர்ட் நகரைச் சுற்றிப் படித்துக்கொண்டிருந்த தன் மாணவர்களை, படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு ஊர் திரும்பச் சொன்னது சீன அரசு. மதுரையை அடுத்த பசுமலையில் அமெரிக்க மிஷன் நடத்திவந்த பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. இன்றைய அமெரிக்கன் கல்லூரி தன் வயதை அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணுகிறது. ஒஹையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியைச் சேர்ந்த ஒரு குழு, வட சீனாவின் ஷான்ஷி மாகாணத்துக்கு மிஷன் பணியாகக் கிளம்பத் தொடங்கியதும் அப்போதுதான். பசுமலைக்கும் ஷான்ஷிக்கும் ஆள் அனுப்பிய அமைப்பு ஒன்றே. பாஸ்டனில் இருந்த அந்த 'அமெரிக்கன் போர்டு', யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் செமினரி நடத்திய கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். இந்த மூன்று நிகழ்வுகளில் முதலாவது அரசும் அரசும் சம்பந்தப்பட்டது. அது ஒன்பதே ஆண்டில் முடிந்தது. மற்ற இரண்டும் பள்ளிக்கூடங்கள் சம்பந்தப்பட்டவை. எழுபது ஆண்டு கழித்து, யாரும் திட்டமிடாத விதத்தில் அவை ஒன்றோடொன்று வந்து சேர்ந்தன. அரசு திறக்கும் கதவை அரசே சாத்திவிடும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடத்தோடு வைத்துக்கொள்ளும் உறவு, ஊர் மாறியாவது பிழைத்துக்கிடக்கும் என்பதே இந்த இதழில் நான் வைக்கும் வாதம். இதற்கு மறுப்புகள் உண்டு, வலுவானவையும் உண்டு. அவற்றையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் கதையின் நாயகர் யுங் விங். தென் சீனாவில் மக்காவுக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். மிஷன் பள்ளியில் படித்த அவரையும் இன்னும் இரண்டு மாணவர்களையும் ஆசிரியர் ஸாமுவேல் ராபின்ஸ் பிரவுன் 1847இல் தன்னோடு அமெரிக்காவுக்கு அழைத்துப் போனார். 1854இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார் யுங் விங். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பட்டம் வாங்கிய முதல் சீனர் அவரே. தனக்குத் தற்செயலாகக் கிடைத்தது தன் நாட்டுப் பிள்ளைகளுக்கு முறையாகக் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பியவர், அதை அரசின் காதில் போட ஏறத்தாழ பதினைந்து ஆண்டு காத்திருந்தார். ஸெங் குவோஃபான், லி ஹோங்ஜாங் என்ற இரண்டு பெரும் அதிகாரிகள் கைகொடுத்த பிறகே 1872இல் முதல் அணி கப்பலேறியது. ஆண்டுக்கு 30 பேர் வீதம் நான்கு ஆண்டுகளில் 120 சிறுவர்கள். பெரும்பாலானவர்களுக்கு வயது பத்துக்கு மேல், பதினைந்துக்குள். பிள்ளை பதினைந்து ஆண்டு வெளிநாட்டில் இருப்பான் என்று பெற்றோர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நியூ இங்கிலாந்துக் குடும்பங்களின் வீடுகளில் அவர்களைப் பிரித்துத் தங்கவைத்தார்கள். பள்ளிக்கூடம் அமெரிக்கப் பள்ளிக்கூடம். ஆனால் முறை வைத்து ஹார்ட்ஃபர்டில் இருந்த தலைமையகத்துக்கு வந்து சீன இலக்கியமும் நீதிநூல்களும் படித்தாக வேண்டும். பின்னியிருந்த சடையை வெட்டக் கூடாது, ஏனென்றால் அன்றைய சட்டத்தில் அது அரசனுக்குச் செய்யும் துரோகம்.

ஒன்பது ஆண்டுகளில் அந்தப் பையன்கள் என்ன ஆனார்கள் என்பது ஊகிக்கக்கூடியதே. பேஸ்பால் ஆடினார்கள், அதற்கென்று தங்களுக்குள் ஓர் அணியே வைத்திருந்தார்கள். சிலர் சர்ச்சுக்குப் போகத் தொடங்கினார்கள், சிலர் சடையை எடுத்துவிட்டார்கள். யுங் விங்கே 1875இல் ஓர் அமெரிக்கப் பெண்ணை மணந்திருந்தார். அவரோடு பொறுப்பில் இருந்த பழமைவாத அதிகாரிகள் 'பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள்' என்று பீக்கிங்குக்கு ஓலை எழுதினார்கள். இன்னொரு பக்கம், வெஸ்ட் பாயிண்ட், அன்னபோலிஸ் ராணுவ, கடற்படைக் கல்லூரிகளில் சீன மாணவருக்கு இடம் இல்லை என்று அமெரிக்க அரசு கைவிரித்தது. சீனத் தொழிலாளரைத் தடுக்கும் சட்டம் 1882இல் வரப்போகிறது. அதற்கான வெறுப்பு மேற்குக் கரையில் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. ஹார்ட்ஃபர்டின் பாதிரியார் ஜோசப் ட்விச்செலும் எழுத்தாளர் மார்க் ட்வெயினும் முன்னாள் குடியரசுத் தலைவர் கிராண்ட் வரை போய்ப் பேசிப் பார்த்தார்கள். எதுவும் நடக்கவில்லை. அத்தனை பேரில் பட்டப்படிப்பை முடித்தவர்கள் இரண்டே பேர். திரும்பிய மாணவர்களை ஷாங்காய் துறைமுகத்தில் வரவேற்க ஆளில்லை. காவலோடு கொண்டுபோய்ப் பூட்டிவைத்ததுதான் மிச்சம்.

இந்தத் தோல்விக்குச் சடை, சர்ச்சு, பழமைவாதிகளின் பொறாமை என்றுதான் வழக்கமாகக் காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மை, ஆனால் போதாது. நான் பார்க்கும் காரணம் வேறு: சீனாவில் இந்தத் திட்டத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் இல்லை. ஷாங்காயில் ஆயத்தப் பயிற்சி கொடுத்த ஒரு நிலையம் இருந்தது, அவ்வளவே. 'இவர்கள் எங்கள் பிள்ளைகள், திரும்பி வந்தால் இந்த இந்த வகுப்பை இவர்கள்தான் எடுப்பார்கள்' என்று உரிமை கொண்டாட ஒரு ஆசிரியர் குழுவோ, அறக்கட்டளையோ, பழைய மாணவர் சங்கமோ அங்கே கிடையாது. எல்லாம் இரண்டு அதிகாரிகளின் தயவில் நின்றது. ஸெங் குவோஃபான் முதல் அணி கிளம்பும் முன்பே இறந்துவிட்டார். லி ஹோங்ஜாங்குக்கு ஆயிரம் வேலை. தயவு தளர்ந்ததும் திட்டம் சரிந்தது.

இங்கே முதல் மறுப்பு எழும். திரும்பிய மாணவர்கள் வீணாகவில்லையே? சரிதான். பட்டம் முடித்த இருவரில் ஒருவரான ஜான் தியன்யூ, யேலில் கட்டடப் பொறியியல் படித்தவர். பீக்கிங்கிலிருந்து ஜாங்ஜியாகோ வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ரயில் பாதையை, வெளிநாட்டுப் பொறியாளர் யாரும் இல்லாமல் 1905 முதல் 1909க்குள் போட்டு முடித்தவர் அவர். பெருஞ்சுவருக்குப் பக்கத்தில் சிங்லோங்சியாவ் என்ற இடத்தில் மலைச்சரிவு நேராக ஏற முடியாத அளவு செங்குத்து. பாதையை ஒரு முனை வரை மேலேற்றி நிறுத்தி, அங்கிருந்து வண்டியைப் பின்னோக்கி அடுத்த சரிவில் ஏற்றினார்; முன்னும் பின்னும் ஒவ்வொரு இன்ஜின், ஒன்று இழுக்க ஒன்று தள்ள. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, ஆவடி, பட்டாபிராம் வழியாக 1856இல் ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதையை வெள்ளைக்காரப் பொறியாளர்கள் போட்டார்கள் என்பதோடு ஒப்பிட்டால் அந்தச் சாதனையின் எடை தெரியும். தாங் ஷாவோயி 1912இல் சீனக் குடியரசின் முதல் பிரதமரானார். லியாங் செங் வாஷிங்டனில் சீனத் தூதரானார்.

கடைசியாகச் சொன்ன பெயரிலிருந்துதான் இரண்டாவது மறுப்பு, இன்னும் வலுவாக, வருகிறது. 1900ஆம் ஆண்டு வெளிநாட்டாருக்கு எதிராகச் சீனாவில் எழுந்த பாக்ஸர் கலகத்துக்குத் தண்டமாகச் சீனா மீது வல்லரசுகள் சுமத்திய பெருந்தொகையில் அமெரிக்காவின் பங்கு சுமார் 2.4 கோடி டாலர். இழப்புக்கு மிஞ்சிக் கேட்டுவிட்டீர்கள், அதைத் திருப்பித் தாருங்கள் என்று தூதர் லியாங் செங் விடாமல் வாதாடினார். 1908இல் ஏறத்தாழ 1.1 கோடி டாலரை விட்டுக்கொடுக்க அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்பியது. அந்தப் பணத்தில் சீன மாணவர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். பின்னாளில் புகழ்பெற்ற அறிஞர் ஹூ ஷி 1910இல் அப்படிப் போனவரே. இது அப்பட்டமான அரசுத் திட்டம், தண்டப் பணத்தில் நடந்தது, பெரும் வெற்றியும் பெற்றது. அப்படியானால் என் வாதம் அடிபட்டுப்போகிறதா? இல்லை என்பேன். அந்தப் பணம் உதவித்தொகையாக மட்டும் கரைந்துவிடவில்லை. 1911இல் பீக்கிங்கில் சிங்ஹுவா என்ற பள்ளிக்கூடமாக அது எழுந்து நின்றது. அதன் முதல் தலைவராக அமர்ந்த தாங் குவோஆன், யுங் விங் அனுப்பிய 120 பேரில் ஒருவர். ஹார்ட்ஃபர்ட் திட்டத்துக்கு எது இல்லை என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள், முப்பது ஆண்டு கழித்து முதலில் கட்டியது அதைத்தான். இன்று சிங்ஹுவா உலகின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் ஒன்று. பணம் கொடுத்த அரசும் மாறிவிட்டது, வாங்கிய அரசோ இரண்டு முறை மாறிவிட்டது.

இனி ஷான்ஷிக்கு வருவோம். ஓபர்லின் குழு தைகூ என்ற ஊரில் பள்ளியும் மருத்துவமனையும் நடத்திவந்தது. 1900 கோடையில் பாக்ஸர்கள் அங்கே இருந்த மிஷனரிகளையும், அவர்களோடு இருந்த சீனக் கிறிஸ்தவர்களையும் கொன்றார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய உறவு அது. ஆனால் தைகூவில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, 1906இல் ஓபர்லினில் பட்டம் வாங்கிய குங் என்ற இளைஞர் ஊர் திரும்பி 1907இல் மிங் ஷியன் பள்ளியைத் தொடங்கினார். சியாங் கை ஷேக் அரசில் பின்னாளில் நிதியமைச்சராக இருந்த எச்.எச். குங் இவர்தான், அந்தப் பதவிக்கால ஊழல் குற்றச்சாட்டுகள் வேறு கதை. பள்ளியைத் தாங்குவதற்கென்று ஓபர்லினில் 1908இல் 'ஓபர்லின் ஷான்ஷி நினைவுச் சங்கம்' பிறந்தது. இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தத் தொடருக்கு முக்கியம். புதிதாகப் பட்டம் பெற்ற ஓபர்லின் இளைஞர்கள் தைகூவுக்குப் போய் ஆங்கிலம் கற்றுக்கொடுத்து, சீன மொழியும் சீன வாழ்க்கையும் கற்றுக்கொண்டு திரும்பும் ஏற்பாடு வந்தது. அவர்களை அனுப்பியது சர்ச்சு இல்லை, கல்லூரி; செலவில் ஒரு பகுதியை ஓபர்லின் மாணவர்களே தங்களுக்குள் திரட்டினார்கள். 1937இல் ஜப்பான் படை நுழைந்ததும் மிங் ஷியன் பள்ளி மூட்டை கட்டிக்கொண்டு தென்மேற்கே சிச்சுவானுக்கு இடம் பெயர்ந்தது. ஓபர்லின் ஆட்களும் அங்கேயே போனார்கள்.

1949இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது, கொரியப் போர் வந்தது, சீனாவின் கதவு அமெரிக்கர்களுக்கு முழுதாக மூடிக்கொண்டது. இப்போது ஓபர்லின் கையில் ஒரு சங்கம் இருக்கிறது, நிதி இருக்கிறது, போக விரும்பும் இளைஞர்கள் இருக்கிறார்கள்; போக ஊர் இல்லை. அரசுத் திட்டமாக இருந்தால் கோப்பை மூடியிருப்பார்கள். அந்தச் சங்கம் வேறு பள்ளிக்கூடங்களைத் தேடியது. தைவானில் துங்ஹாய் பல்கலைக்கழகம், ஜப்பானில் ஓபர்லின் பழைய மாணவர் ஒருவர் நிறுவிய ஓபிரின் பள்ளி, இந்தியாவில் மதுரை. அமெரிக்கன் கல்லூரி பசுமலையிலிருந்து 1909இல் மதுரை நகருக்கு வந்து வேரூன்றியிருந்தது. பெண்களுக்கான லேடி டோக் கல்லூரியை 1948இல் கேட்டி வில்காக்ஸ் தொடங்கியிருந்தார். ஷான்ஷிக்கும் மதுரைக்கும் தாய் அமைப்பு ஒன்றுதான் என்பதால் அறிமுகம் ஏற்கெனவே இருந்தது. தைகூவுக்குப் போயிருக்க வேண்டிய இளைஞர்கள் 1950களில் கோரிப்பாளையத்திலும் தல்லாகுளத்திலும் வந்து இறங்கினார்கள். சீனாவின் ஒரு மாகாணப் பெயரைச் சுமந்துகொண்டே, 'ஷான்ஷி பிரதிநிதி' என்ற பட்டத்தோடு, மதுரைப் பையன்களுக்கு ஆங்கிலப் பாடம் எடுத்தார்கள். வகுப்பில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயரின் வரலாறு தெரிந்திருந்தால் வேடிக்கையாக இருந்திருக்கும்.

அந்தத் தொடக்க காலத்தில் அமெரிக்கன் கல்லூரிக்கு வந்தவர்களில் ஜோசப் எல்டர் ஒருவர். திரும்பிப் போய் ஹார்வர்டில் சமூகவியல் ஆய்வு செய்து, 1961இல் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். அந்தப் பல்கலைக்கழகம் நடத்திய 'இந்தியாவில் ஓர் ஆண்டு' திட்டத்தின் தூண் அவர். விஸ்கான்ஸின் மாணவர்கள் கோடையிலேயே மேடிசனில் தமிழ் எழுத்தும் பேச்சும் படித்துவிட்டு மதுரைக்கு வருவார்கள். ஓராண்டு தங்கி, ஆளுக்கொரு களஆய்வு செய்து, அறிக்கை எழுதிக் கொடுத்தால்தான் மதிப்பெண். கோயில் பூசாரிகள், குயவர்கள், கூத்து, சித்த மருத்துவம் என்று என்னென்னவோ தலைப்புகள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தமிழ்ப் பண்பாட்டைக் கற்பித்த அடுத்தடுத்த தலைமுறையினருக்கு மதுரை ஒரு முக்கியமான வாசல் ஆனது. மூல வித்து தைகூ. முளைத்தது வைகைக் கரையில். 1980களில் சீனா மறுபடி திறந்தபோது ஓபர்லின் தன் பழைய இடத்தைத் தேடிப் போனது. மிங் ஷியன் வளாகம் அப்போது ஷான்ஷி வேளாண் பல்கலைக்கழகமாகியிருந்தது. உறவு அங்கேயே மீண்டும் தொடங்கியது. மூன்று போர்களையும் ஒரு புரட்சியையும் தாண்டி வந்த ஏற்பாடு இது.

'இதெல்லாம் மதம் மாற்ற வந்தவர்களின் வேலை, இதைப் போய்ப் பரிமாற்றம் என்று கொண்டாடுவதா?' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. தொடக்கம் மிஷன்தான், மறைக்க ஒன்றுமில்லை. அதைவிட, வெளிநாட்டுப் படைகளின் நிழலில் சீனாவுக்குள் நுழைந்த மிஷன் அது. பாக்ஸர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. இந்தக் கேள்வியை ஓபர்லின் மாணவர்களே எழுப்பினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கொல்லப்பட்ட மிஷனரிகளுக்காகக் கல்லூரி வளாகத்தில் 1903இல் ஒரு வளைவு கட்டினார்கள். பட்டமளிப்பு ஊர்வலம் அதன் வழியாகப் போவது மரபு. பிற்காலத்தில் மாணவர்கள் பலர், செத்த சீனர்களின் பெயர் எங்கே என்று கேட்டு, வளைவுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். உயிரிழந்த சீனர்களுக்கும் அங்கே நினைவுப் பலகை வந்தது 1990களில். சர்ச்சு தொடங்கியதைக் கல்லூரி கைக்கொண்டு, கல்லூரி மாணவர்கள் அதைக் கேள்வி கேட்டுத் திருத்தினார்கள். உறவு ஒரு கல்விக்கூடத்தின் கையில் இருந்தால்தான் இப்படித் திருத்த வழி உண்டு. தூதரக ஒப்பந்தத்தை எந்த மாணவர் திருத்த முடியும்?

நான் முழுதாகப் பதில் சொல்ல முடியாத மறுப்பு ஒன்று இருக்கிறது: சமமின்மை. இருபத்திரண்டு வயது அமெரிக்க இளைஞர், கற்பித்தலில் எந்தப் பயிற்சியும் இல்லாமல், மதுரையில் நேராகக் கல்லூரி ஆசிரியர் ஆகிறார். மதுரையிலிருந்து ஓபர்லினுக்குப் போக வாய்ப்புக் கிடைத்ததோ, பல ஆண்டு பாடம் எடுத்துத் தேர்ந்த ஆசிரியர்களுக்கு. அங்கே அவர்கள் போனது படிக்க. அதே வயது மதுரை மாணவர் ஒஹையோவில் போய்த் தமிழ்ப் பாடம் எடுத்ததாகக் கதை இல்லை. இந்த உறவின் கதை வாழும் தன்மைக்கான சான்றே தவிர, நீதிக்கான சான்றாகாது என்று ஒப்புக்கொள்கிறேன். சமம் வேண்டுமானால் செலவில் பங்கு வேண்டும். இந்தியாவும் அமெரிக்காவும் கல்விப் பரிமாற்றத்துக்காக 1950 பிப்ரவரியில் கையெழுத்திட்ட ஃபுல்பிரைட் ஒப்பந்தத்தில் 2008 வரை பணம் பெரும்பாலும் அமெரிக்காவுடையது; அந்த ஆண்டு இந்தியா சமபங்கு போட முன்வந்ததும் திட்டத்தின் பெயரிலேயே நேரு சேர்ந்தார்.

சமீபத்திய ஆண்டுகள் இந்த வாதத்தை இன்னும் அழுத்திச் சொல்கின்றன. 2020 ஜூலையில் சீனாவுக்கும் ஹாங்காங்குக்குமான ஃபுல்பிரைட் திட்டத்தை அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் ஓர் ஆணை முடித்துவைத்தது. 1993 முதல் சீனக் கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பித்துவந்த, அமெரிக்க அரசு அனுப்பிய பீஸ் கோர் தொண்டர்களும் அதே ஆண்டோடு வெளியேறினார்கள். 2023 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஷி ஜின்பிங், ஐந்து ஆண்டுகளில் 50,000 அமெரிக்க இளைஞர்களைச் சீனாவுக்கு அழைப்பதாக அறிவித்தார். கையசைத்தால் மூடுவது, கையசைத்தால் திறப்பது. நம் வீட்டுக்குப் பக்கத்திலும் இதைப் பார்த்தோம். கொரோனா வந்ததும் ஊர் திரும்பிய இந்திய மாணவர்கள், பெரும்பாலும் மருத்துவம் படித்தவர்கள், 20,000க்கும் மேற்பட்டோர், 2022 ஆகஸ்ட் வரை சீன விசா கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்து அலைபேசித் திரையில் உடற்கூறியல் படித்தார்கள். அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் நிறையப் பேர். முகவர் மூலம் தனித்தனியாகப் பணம் கட்டிச் சேர்ந்தவர்கள். 'எங்கள் மாணவர்' என்று பேச இங்கே ஒரு கல்லூரி கிடையாது. இதற்கு எதிர்ப்புறத்தில் சாந்திநிகேதனின் சீன பவன் இருக்கிறது. சீன அறிஞர் தான் யுன்ஷான் 1937இல் தாகூருடன் சேர்ந்து கட்டியது. 1962 போரில் இரு நாடுகளும் துப்பாக்கி தூக்கியபோதும் அது மூடவில்லை.

இதை எழுதும் பட்டாபிராமுக்கு இந்தக் கதையில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்த இந்துக் கல்லூரி இங்கே இருக்கிறது; கலவல கண்ணன் செட்டியார் அறக்கட்டளை 1969இல் தொடங்கியது. மின்சார ரயிலில் வந்து இறங்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்காக நடக்கும் கல்லூரிகள் ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரம் முழுக்க உண்டு. பரிமாற்றம் பெரிய இடத்துச் சமாச்சாரம், நமக்கெதற்கு என்ற மறுப்பு இங்கேதான் அதிகம் கேட்கும். தைகூவைப் பாருங்கள்: பீக்கிங் இல்லை, ஷாங்காய் இல்லை, ஒரு மாகாணத்து உள்ளூர். மதுரைக்கு மாணவர்கள் வந்ததும் மதுரையில் மட்டுமே படிக்கக் கிடைப்பதற்காக. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை எழுந்தது, அதைச் சுற்றிப் பல மாநிலத்துக் குடும்பங்கள் குடியேறியது, ஏரிகள் மனைகளானது, 2024இல் பட்டாபிராமில் டைடல் பூங்கா திறந்தது என்று ஒரு புறநகர் நகரமாகும் பாடம் முழுவதும் இங்கே தெருவில் கிடக்கிறது. சமூகவியல் படிக்கும் வெளிநாட்டு மாணவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இடையூறு வேறிடத்தில் இருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுவது நம் கல்லூரிகளில் இப்போது ஒரு சடங்கு. பொன்னாடை, குழுப் புகைப்படம், கல்லூரியைத் தரமதிப்பிட நாக் குழு வரும்போது காட்ட ஒரு கோப்பு. அதற்குப் பிறகு ஒரு மாணவரும் போவதில்லை, வருவதில்லை, ஏனென்றால் அந்த வேலைக்கென்று சம்பளம் வாங்கும் ஆள் கிடையாது, வருபவர் தங்க விடுதியில் ஓர் அறை கிடையாது, அங்கே படித்த பாடத்துக்கு இங்கே மதிப்பெண் ஏற்கும் விதி கிடையாது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிகள் கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் என்றெல்லாம் வழி திறந்தன. ஆனால் நாக் மதிப்பீட்டில் 3.01க்குக் குறையாத, அல்லது தேசியத் தரவரிசையில் முதல் நூறுக்குள் வந்த நிறுவனங்களுக்கும் மேன்மை நிறுவனங்களுக்கும்தான் அந்த வழி. அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கும் கல்லூரி விதி மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு இரண்டு பேர் வந்து ஒரு பருவம் தங்க, இரண்டு ஆசிரியர்கள் போய்வர, கூட்டுப் பட்டம் எதுவும் தேவையில்லை. அப்படிப் பட்டம் சாராத ஓர் ஏற்பாட்டை ஓபர்லின் தைகூவில் தொடங்கியபோது அதற்கும் விதி எதுவும் இருக்கவில்லை. ஒரு சங்கமும், அதன் கணக்குப் புத்தகமும், ஆண்டுதோறும் கடிதம் எழுத ஒரு செயலரும் இருந்தார்கள்.

பாக்ஸர் தண்டப் பணத்துக்கு இணையான ஒன்று நம் நாட்டுக்கும் நடந்தது. 1951இல் பஞ்சத்தைச் சமாளிக்க இந்தியா அமெரிக்காவிடம் வாங்கிய 19 கோடி டாலர் கோதுமைக் கடனின் வட்டியில் 50 லட்சம் டாலர் வரை கல்விப் பரிமாற்றத்துக்கும் நூல்களுக்கும் என்று ஒதுக்கினார்கள். அந்த வட்டி எந்தெந்த நூலக அலமாரிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.